கிளை இறக்கும் கயிற்றுக்கு உராய்வுக் கருவி: பட்டறையில் செய்வதா, வாங்குவதா?

வெள்ளவத்தையில் ஆறு பேர்ச்சஸ் காணி. நடுவில் ஒரு மாமரம். மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு அஸ்பெஸ்டஸ் கூரை, இந்தப் பக்கம் தண்ணீர் டேங்க், முன்னால் மின்சார வயர். கொழும்பில் மரம் வெட்டுவது என்றால் பெரும்பாலும் இதுதான் நிலைமை. வெட்டிய கிளையைக் கீழே போட இடமே இல்லை. அதனால் முதலில் கிளையைக் கயிற்றில் கட்டி, பிறகு வெட்டி, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். கீழே நின்று அந்தக் கயிற்றைப் பிடிக்கும் வேலை அன்றைக்கு எனக்கு. கயிறு மேலே ஒரு கவட்டையில் ஏறி, திரும்பி, நேராக என் கைக்கு வந்தது. வேறெதிலும் சுற்றவில்லை. கிளை விட்டதும் கயிறு என் உள்ளங்கையில் ஓடியது, நான் விட்டேன், நாலு கூரைச் சீட் போனது. கையுறைகூடப் போட்டிருக்கவில்லை. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, சீட்டுக்குக் கட்டிய காசும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு அந்தக் கயிற்றை மரத்தின் அடியிலேயே இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தால் போதும், ஒன்றும் நடந்திருக்காது. உராய்வுக் கருவி என்பது அந்த இரண்டு சுற்றுத்தான். மீதி எல்லாம் அதை எந்த உலோகத்தில், எந்த வடிவத்தில், யார் செய்தார்கள் என்ற கதை.

ஊரில் மாடு இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தால் என்ன செய்வார்கள்? கயிற்றை ஒரு தென்னையில் இரண்டு சுற்றுப் போட்டு நுனியைப் பிடித்துக்கொள்வார்கள். பத்து வயதுப் பிள்ளை பிடித்தாலும் காளை நிற்கும். கொழும்புத் துறைமுகத்தில் கப்பலைக் கயிற்றால் கட்டி நிறுத்தும் இரும்புக் குத்தியிலும் அதே சங்கதிதான். பிடிப்பது ஆள் அல்ல, சுற்று. கயிறு மேற்பரப்பை அழுத்திக்கொண்டு வளையும்போது ஒவ்வொரு அங்குலத்திலும் கொஞ்சம் இழுவையை உராய்வு தின்றுவிடுகிறது, மிச்சம்தான் அடுத்த அங்குலத்துக்குப் போகிறது. அதனால் சுற்று கூடக் கூட இழுவை கழித்தல் கணக்கில் குறையாது, வகுத்தல் கணக்கில் குறையும். 18ஆம் நூற்றாண்டில் லியோனார்ட் ஆய்லர் இதைக் கணக்காக எழுதினார், பிறகு ஐடல்வைன் என்ற ஜெர்மன்காரர் அதைப் பொறியியலாளர்களுக்குக் கொண்டுவந்தார். இரண்டு பேர் பெயராலும் அந்தச் சமன்பாட்டை அழைக்கிறார்கள்.

எண்ணில் பார்த்தால்தான் இது நம்பக்கூடியதாக இருக்கும். கயிறும் உலோகமும் உரசும் குணகம் 0.25 என்று வைத்துக்கொள்வோம். அரைச் சுற்று இழுவையை 2.2 மடங்கு குறைக்கும். ஒரு முழுச் சுற்று 4.8 மடங்கு. இரண்டு சுற்று 23 மடங்கு. மூன்று சுற்று 111 மடங்கு! 200 கிலோ அடிமரத் துண்டு ஒன்று தொங்கினால், ஒரு சுற்றில் உங்கள் கைக்கு 40 கிலோவுக்கு மேல் வரும், இரண்டு சுற்றில் 9 கிலோ அளவில் வரும், மூன்று சுற்றில் 2 கிலோகூட வராது. ஒரு சுற்றுக்கும் இரண்டு சுற்றுக்கும் இடையில் இருப்பது ஒரு அடிக் கயிறுகூட இல்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் கூரை போவதும் போகாததும் இருக்கிறது.

இதே கணக்கில் இன்னொரு விசயம் ஒளிந்திருக்கிறது, முதல் தடவை கேட்டபோது நான் நம்பவில்லை. கயிறு சுற்றும் பைப்பின் பருமன் அந்தச் சமன்பாட்டில் இல்லவே இல்லை. இரண்டு அங்குலக் குழாயில் இரண்டு சுற்றும் ஆறு அங்குலக் குழாயில் இரண்டு சுற்றும் ஒரே பிடி. எவ்வளவு கோணம் சுற்றியிருக்கிறது, எவ்வளவு வழுக்குகிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. ஆகவே "பெரிய பைப் போட்டால் நல்லாப் பிடிக்கும்" என்று யாராவது சொன்னால், பிடிக்கு அது காரணமில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பைப் நல்லதுதான், ஆனால் வேறு இரண்டு காரணங்களுக்காக.

முதலாவது, கயிறு நெருக்கி வளைந்தால் பலம் இழக்கும். வளைவின் வெளிப்பக்க நார் முழுப் பாரத்தையும் சுமக்கும், உள்பக்க நார் சும்மா கிடக்கும். கயிற்றின் தடிப்பைப்போல் குறைந்தது நாலு மடங்கு பருமனில் வளைய வேண்டும் என்பது மரம் வெட்டுபவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. 12 மில்லிமீட்டர்க் கயிறு என்றால் 48 மில்லிமீட்டர். கடையில் இரண்டு அங்குல ஜிஐ பைப் என்று கேட்டு வாங்குவதன் வெளி அளவு 60 மில்லிமீட்டர் வரும் (அந்த இரண்டு அங்குலம் உள்துளையை ஒட்டிய பெயர்), அது போதும்.

இரண்டாவது, சூடு. இதைத்தான் வீட்டில் செய்பவர்கள் மறந்துபோகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பச்சை மரம் பாரமானது. 30 சென்டிமீட்டர் விட்டம், ஒரு மீட்டர் நீளம் உள்ள துண்டு சுமார் 60 கிலோ வரும். அதைப் பத்து மீட்டர் இறக்கினால் கிட்டத்தட்ட 6,000 ஜூல் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். சத்தமாகவோ ஒளியாகவோ போவதில்லை, உரசும் இடத்தில் சூடாகத்தான் போகும். அத்தனையும் உலோகத்துக்கே போகிறது என்று வைத்துக்கொண்டால், 3 கிலோ இரும்புப் பைப் 4 பாகை சூடேறும், கை வைத்தாலும் தெரியாது. அதே துண்டை 150 கிராம் அலுமினிய எட்டு வளையத்தில் (8 வடிவத்தில் இருக்கும் சின்ன உராய்வுக் கருவி) இறக்கினால் 43 பாகை ஏறும். கொழும்பு வெயிலில் 30 பாகையில் தொடங்கும் வளையம் ஒரே துண்டில் 70ஐத் தாண்டிவிடும். மூச்சு விடாமல் இன்னும் இரண்டு துண்டு இறக்கினால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கயிறு எது என்பது இங்கேதான் முக்கியமாகிறது. புறக்கோட்டைக்குப் பக்கத்தில் பழைய சோனகர் தெருவில் ஹார்ட்வெயார் கடைகளில் சுருள் சுருளாகத் தொங்கும் நீலம், பச்சை, மஞ்சள் கயிற்றை எல்லோரும் 'நைலோன்' என்றுதான் கேட்டு வாங்குகிறோம். அதில் பெரும்பகுதி நைலோன் இல்லை, பொலிப்ரொப்பிலீன். தண்ணீரில் போட்டால் மிதக்கும், அதுதான் அடையாளம். அது 160 பாகைப் பக்கம் உருகும், அதற்கு முன்னாலேயே இளகத் தொடங்கும். பொலியெஸ்டர் 250ஐத் தாண்டும்வரை உருகாது, உண்மையான நைலோனும் 200க்கு மேல் தாங்கும். மரம் வெட்டும் வேலைக்கென்று விற்கும் கயிறுகள் பெரும்பாலும் பொலியெஸ்டர் மேலுறை போட்டு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தும்புக் கயிறு உருகாது, கருகும், ஆனால் நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து உள்ளே உக்கிப்போனது வெளியில் தெரியாது என்பதால் நான் பாரம் இறக்க அதை எடுப்பதில்லை. மிதக்கும் கயிற்றையும் சின்ன அலுமினிய வளையத்தையும் சேர்த்துப் பாரமான துண்டு இறக்குவதுதான் இருக்கிற சோடிகளிலேயே மோசமான சோடி. வளையம் பளபளவென்று வாங்கிய பொருளாக இருந்தாலும் அப்படித்தான்.

சரி, உராய்வை எங்கே வைப்பது?

பழைய முறை கவட்டை. மரத்திலேயே ஒரு நல்ல கவட்டையில் கயிற்றைப் போட்டு, அதன் உரசலையே பிரேக்காகப் பாவிப்பது. காசு இல்லை, கருவி இல்லை. ஆனால் பட்டை ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு மாதிரி. பலாவின் பால் கயிற்றில் ஒட்டினால் ஒரு கதை, மழை நனைந்த மாரா மரத்தில் வேறு கதை. முதல் துண்டுக்குச் சொரசொரப்பாக இருந்த பட்டை மூன்றாவது துண்டுக்கு உரிந்து, உள்மரம் வெளிவந்து, வழுக்க ஆரம்பிக்கும். மரம் நிற்கப்போகிற மரம் என்றால் அந்தக் காயம் அதற்கு நல்லதில்லை, கயிற்றுக்கும் நல்லதில்லை. (பலா என்றதும் ஒன்று: பலாவையும் ஈரப்பலாவையும் வெட்டுவதென்றால் 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும். சொந்தக் காணி என்றாலும்தான்.)

புதிய முறை, மேலே உருளும் கப்பி, கீழே அடிமரத்தில் உராய்வுக் கருவி. மேலே உரசல் இல்லை, பிரேக் முழுவதும் கீழே, ஆள் நிற்கும் இடத்தில். சுற்றைக் கூட்டலாம், குறைக்கலாம், கண்ணால் பார்க்கலாம். ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கப்பியில் உரசல் இல்லாததால் 100 கிலோ துண்டு தொங்கும்போது கயிற்றின் இரண்டு பக்கமும் 100 கிலோ இழுக்கிறது. கப்பி கட்டியிருக்கும் கிளை சுமப்பது 200 கிலோ! கவட்டையில் என்றால் கீழே வரும் பக்கம் உரசலால் குறைந்துவிடும், பட்டை நல்ல சொரசொரப்பாக இருந்தால் மேலே மொத்தமே 130 கிலோவைச் சுற்றித்தான் வரும். ஆக, "கப்பி போட்டிருக்கிறோம், இப்போது இலேசு" என்பது கீழே நிற்பவருக்கு உண்மை, மேலே இருக்கும் கிளைக்குப் பொய். பழைய கவட்டை முறையில் தாங்கிய அதே கிளை கப்பி போட்ட அன்றைக்கு முறிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கப்பி என்றதும் கிணற்றுக் கப்பியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அது பெரும்பாலும் வார்ப்பிரும்பு, வாளித் தண்ணீர் தூக்க வார்த்தது. வார்ப்பிரும்பு வளையாது, எச்சரிக்காது, ஒரு அடி விழுந்தால் இரண்டாகப் போகும்.

அடி விழுவது என்றேன். அடிமரத்தை மேலிருந்து துண்டு துண்டாக வெட்டி இறக்கும்போது கப்பி வெட்டுக்குக் கீழே இருக்கும், ஆகவே துண்டு முதலில் சும்மா விழும், பிறகுதான் கயிறு பிடிக்கும். அந்த 60 கிலோத் துண்டு ஒரு மீட்டர் விழுந்து, கயிறு இறுகி, 20 சென்டிமீட்டர் நீண்டு நின்றால், உச்சத்தில் கயிற்றில் வருவது 60 கிலோ இல்லை, சுமார் 720 கிலோ. கயிறு நீளாத வகை, 5 சென்டிமீட்டர்தான் இடம் கொடுத்தது என்றால் 2,500ஐத் தாண்டும். கப்பியில் அதன் இரண்டு மடங்கு. இதை நினைத்துத்தான் எங்களோடு வேலை செய்யும் சிங்களக்காரர் மேலிருந்து "புருல்! புருல்!" என்று கத்துவார், இறுக்காதே, தளர்த்து என்று. கீழே நிற்பவர் பயத்தில் இறுக்கிப் பிடிப்பார், அதுதான் இயல்பு. ஆனால் துண்டு பாரத்தை எடுத்ததும் கயிற்றைக் கருவியில் ஓடவிட்டு ஒரு மீட்டர் தூரத்தில் சீராக நிறுத்தினால், அதே துண்டுக்கு வருவது 120 கிலோதான். அந்த 720இல் ஆறில் ஒன்று!

இதிலிருந்து ஒன்று விளங்க வேண்டும். உராய்வுக் கருவியின் வேலை பிடிப்பதில்லை, அளவாக விடுவது. பிடிக்க மட்டும் என்றால் ஒரு முடிச்சே போதுமே. ஆகவே நல்ல கருவி எது என்று பார்ப்பதற்கு முதல் கேள்வி, இது இழுபறி இல்லாமல் சீராக விடுகிறதா என்பதுதான். இந்தக் கேள்வியில் பட்டறையில் செய்த பைப்பும் வெளிநாட்டுப் பைப்பும் ஏறக்குறைய சமம். இதை நான் தயங்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டும் கையில் இருக்கிறது.

என்னுடையது பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தது. மரம் வெட்டுபவர்கள் 'போர்ட்டா ராப்' என்று சொல்லும் கருவியின் படத்தை போனில் காட்டினேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை: ஒன்றரைச் சாண் நீளத்தில் ஒரு குழாய், ஒரு முனையில் அடிமரத்துப் பட்டியில் கொளுவ ஒரு காது, மறுமுனையில் கயிறு கழன்று போகாமல் இருக்கக் குறுக்கே ஒரு தண்டு, பக்கத்தில் கயிறு நுழையும் ஒரு கொம்பு. பட்டறை நானா படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதில் எவ்வளவு தூக்கப் போறீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. "ஒரு முந்நூறு, நானூறு கிலோ" என்றேன். "தூக்கவா, விழுத்திப் பிடிக்கவா?" என்றார். அந்தக் கேள்விக்காகவே அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

நான் கொண்டுபோன ஜிஐ பைப்பை அவர் உடனே ஒட்டவில்லை. துத்தநாகப் பூச்சை ஒட்டும் இடத்தில் கிரைண்டரால் தேய்த்து எடுத்தார். தேய்க்காமல் ஒட்டினால் துத்தநாகம் ஆவியாகி ஒட்டுக்குள் குமிழாக நின்றுவிடும், வெளியில் அழகாகத் தெரியும் ஒட்டு உள்ளே கடற்பஞ்சு மாதிரி இருக்கும். அந்தப் புகையை மூச்சில் எடுத்தவருக்கு இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும், வெல்டிங் செய்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். குறுக்குத் தண்டுக்கு நான் கட்டடக் கம்பித் துண்டு ஒன்று கொண்டுபோயிருந்தேன், அதைத் தூக்கி ஒரு பக்கம் போட்டார். அதன் வரிவரியான புடைப்பு கயிற்றை அரம் மாதிரி அராவும், அதோடு எல்லாக் கம்பியும் ஒட்டுக்கு ஏற்ற இரும்பு இல்லை, சிலது ஒட்டின் ஓரத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும். வழவழப்பான உருண்டைக் கம்பி போட்டார். கடைசியில் விளிம்பெல்லாம் தேய்த்து, கையை வைத்துத் தடவிப் பார்த்து, பழைய துணி ஒன்றை எல்லாப் பக்கமும் இழுத்துப் பார்த்தார். துணி மாட்டும் இடம் கயிறும் மாட்டும் இடம்.

அந்தப் பைப் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது எத்தனை கிலோவில் போகும் என்று எனக்குத் தெரியாது, நானாவுக்கும் தெரியாது. செய்வதற்கும் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு வரியில் இருக்கிறது. உராய்வை எவரும் செய்யலாம், அது வடிவத்திலிருந்து இலவசமாக வருகிறது. வாங்கும்போது நீங்கள் காசு கொடுப்பது அதன் உடலில் குத்தியிருக்கும் எண்ணுக்கு. எந்த இரும்பு என்று தெரிந்து எடுத்து, ஒரே மாதிரி நூற்றுக்கணக்கில் செய்து, சிலதை இழுத்து உடைத்துப் பார்த்து, உடையும் பாரத்தின் ஐந்தில் ஒன்றோ பத்தில் ஒன்றோ மட்டும்தான் ஏற்றலாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். என்னுடையதில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை உடைத்துப் பார்த்தால் எண் கிடைக்கும், கருவி இருக்காது.

வாங்கினால் உடையாது என்று நான் சொல்லவில்லை. பிரான்ஸின் பெட்சல் நிறுவனம் மரமேறிகளுக்கென்று ஸிக்ஸாக் என்ற கருவியை விற்றது, கயிற்றில் ஆளே தொங்கி ஏறி இறங்குவதற்கு. அதில் வெடிப்புக் கண்டதாகத் தகவல் வந்ததும் 2013இல் விற்றதைத் திரும்ப அழைத்தார்கள். பெரிய கம்பெனி, சோதனைக்கூடம், முத்திரை எல்லாம் இருந்தும் நடந்தது. ஆனால் யார் கையில் எந்த இலக்கக் கருவி இருக்கிறது என்று தேடிப் பிடிக்க ஒரு வழி இருந்தது. என்னுடைய பைப்பில் வெடிப்பு வந்தால் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய ஆள் நான் ஒருவன்தான்.

ஆகவே நான் வைத்திருக்கும் கோடு இது. துண்டு இறக்க, அடிமரத்தில் கட்டி, கீழே யாரும் இல்லாத இடத்துக்கு மேலே, அளவான பாரத்துக்கு: பட்டறைப் பைப் போதும். அது போனால் ஒரு கட்டை விழும், அந்த நேரம் கீழே ஆள் இருக்கக்கூடாது என்பது எந்தக் கருவிக்கும் பொருந்தும் சட்டம். ஆள் தொங்குவதற்கு: ஒருபோதும் இல்லை. நீங்களே செய்த வளையம், வெல்டிங் செய்த எட்டு, திறப்புக்கோர்வையில் தொங்கும் கொக்கி, எதுவும் இல்லை. ஆள் தொங்கும் கொக்கியில் கிலோநியூட்டன் கணக்கு குத்தியிருக்க வேண்டும் (ஒரு கிலோநியூட்டன் சுமார் 102 கிலோ), ஈஎன் 362 மாதிரி ஒரு தர இலக்கமும் இருக்க வேண்டும். இங்கே முத்திரையைக்கூடப் பொய்யாகக் குத்தி விற்கிறார்கள், அதனால் வழியோரத்தில் அள்ளி எடுக்காமல், யார் விற்றார் என்று நாளைக்குப் போய்க் கேட்கக்கூடிய இடத்தில் வாங்குங்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை. ஆள் தொங்குவதற்கான உராய்வுக் கருவிகளில் பழையதும் இன்னும் நம்பப்படுவதுமான ஒன்று கையால் செய்ததுதான், அதில் உலோகமே இல்லை. பருமனான கயிற்றில் மெல்லிய கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிப் போடும் ப்ருசிக் முடிச்சு, 1931இல் கார்ல் ப்ருசிக் என்ற ஒஸ்திரிய மலையேறி வெளியிட்டது. பாரம் வந்தால் இறுகும், பாரம் இல்லாதபோது கையால் தள்ளினால் நகரும். யாழ்ப்பாணத்தில் பனை ஏறுபவர் காலில் போடும் தளைநாரும் உராய்வில் நிற்பதுதான், அதற்கு யாரும் முத்திரை குத்தவில்லை. என் கோட்டுக்கு இது முரண் இல்லையா என்றால், இல்லை. முடிச்சில் ஒளிந்திருக்க இடமில்லை. கயிற்றின் பலம் சுருளில் எழுதியிருக்கிறது, முடிச்சுச் சரியா பிழையா என்று இரண்டு கண்ணால் பார்க்கலாம், தேய்ந்தால் நார் பிசிறும். வெல்டிங் ஒட்டு அப்படி இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று அது காட்டாது. எனக்கு 'வீட்டில் செய்தது' என்பதில் பயம் இல்லை, உள்ளே பார்க்க முடியாததில்தான் பயம்.

இதன்பிறகும் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் (எனக்குத் தெரியும், செய்வீர்கள்), பாவிக்க முதல் ஒரு நாள் அதற்குச் செலவழியுங்கள். அடிமரத்தில் கட்டி, செயின் புளொக் ஒன்றையும் தொங்கு தராசு ஒன்றையும் வாடகைக்கு எடுத்து, நீங்கள் ஏற்ற நினைக்கும் உச்சப் பாரத்தின் இரண்டு மடங்குக்கு மெல்ல இழுங்கள். நினைக்கும் பாரம் என்பது கட்டையின் எடை அல்ல, விழுந்து பிடிக்கும்போது வரும் பாரம். இழுக்கும்போது நேர்க்கோட்டில் ஆள் நிற்க வேண்டாம். பிறகு ஒட்டைச் சுத்தமாக்கி, வெடிப்புப் பார்க்கும் சிவப்புச் சாயம் அடித்து, துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் சிவப்புக் கோடாகக் கசியும். இதில் பாஸ் ஆனால்கூட இன்றைக்கு நல்லது என்றுதான் அர்த்தம். நூறு தடவை அடி வாங்கிய பிறகு எப்படி என்று இந்தச் சோதனை சொல்லாது, அதனால் சாயப் போத்தலை எறிந்துவிடாதீர்கள்.

பாவிக்கும்போது எல்லோரும் செய்யும் பிழை சுற்று எண்ணிக்கையில். பயத்தில் மூன்று, நாலு சுற்றுப் போட்டுவிடுவார்கள். 60 கிலோத் துண்டுக்கு மூன்று சுற்றுப் போட்டால் கைக்கு அரைக் கிலோதான் வர வேண்டும், அதாவது தரையில் கிடக்கும் கயிற்றின் பாரமே துண்டைப் பிடித்து வைக்கும். துண்டு அந்தரத்தில் நிற்கும், மேலே இருப்பவர் கத்துவார், கீழே நிற்பவர் பாரத்தோடேயே ஒரு சுற்றைக் கழற்றப் போவார், விரல் அதற்குள் போகும். இலைக்கிளைக்கு ஒன்று, 60 கிலோக் கட்டைக்கு ஒன்றரை அல்லது இரண்டு, அதற்கு மேல் பாரமென்றால் மூன்று என்று சின்னத் துண்டிலிருந்து தொடங்கி அன்றைக்கு அந்தக் கயிறு எப்படி ஓடுகிறது என்று பழகிக்கொள்ளுங்கள். ஏனென்றால் 0.25 என்று நான் எடுத்தது ஒரு நல்ல நாளின் கணக்கு. பைப் தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகி, அல்லது செயின்சோ எண்ணெய் பட்டு, குணகம் 0.15க்கு இறங்கினால், 23 மடங்கு குறைத்த அதே இரண்டு சுற்று 7 மடங்குகூடக் குறைக்காது. 200 கிலோவுக்குக் கையில் 9 கிலோ வந்த இடத்தில் 30 கிலோ வரும். நேற்றைக்குச் சரியாக இருந்த சுற்று இன்றைக்குச் சரியில்லாமல் போவது இப்படித்தான். கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், தோல் கையுறை போடுங்கள், மிச்சக் கயிறு காலடியில் வளையமாகக் கிடக்கக்கூடாது. இதற்கெல்லாம் விளக்கம் வேண்டியதில்லை.

மேலே கப்பிக்குப் பதிலாக இரண்டு வளையம் கோர்த்த பட்டி ஒன்று வரும், பட்டையையும் கயிற்றையும் காப்பாற்ற. அதைச் செய்யலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கட்டை இறக்க என்றால் முத்திரையுள்ள வளையம் வாங்கிப் பட்டியில் நீங்களே கோர்க்கலாம், ஆள் தொங்க என்றால் தைத்த பட்டியோடு முழுதாக வாங்குங்கள். தையல் பிரிவதும் வெல்டிங் மாதிரித்தான், உள்ளே தெரியாது.

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்த பிறகு, ஒவ்வொரு தடவை காற்று அடிக்கும்போதும் வீட்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பது கொழும்பில் வழக்கமாகிவிட்டது. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்க முன்னால் எங்களுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். எல்லோருக்கும் உடனே வெட்ட வேண்டும், எல்லோருக்கும் மதிலுக்கு அந்தப் பக்கம் கூரை இருக்கும். போன வருடம் அந்த அவசரத்துக்குள் ஒரு வாங்கிய பைப்பும் சேர்த்தேன், பெரிய அடிமரத் துண்டுகளுக்கு. நானா செய்தது இன்னும் சாக்குக்குள் இருக்கிறது, கிளை இறக்க அதைத்தான் முதலில் எடுக்கிறேன். அதன் ஒட்டின் பக்கத்தில் நானே ஆணியால் கீறி எழுதியிருக்கிறேன்: 100 கிலோ, ஆள் இல்லை.